புளூ லேம்ப் கிளப்பில் இருபத்து மூன்று பேர்

3 அக்டோபர் 1976, ஞாயிறு

கிளப்பில் மத்தியான டீ டான்ஸ் முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அண்ணி எனக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை. கிளப்பிலேயே சாப்பிட்டிருப்பேன் என்று நினைத்தாராம். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் இப்படித்தான் நினைக்கிறார். காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வாரம் முழுக்க ஈப்போவில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. சனி ராத்திரியும் ஞாயிறு மத்தியானமும் புளூ லேம்ப் வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். அதைப் பற்றி எங்கள் ஊர் குனோங் ராபாட்டே பேசுகிறது. நவமணிக்கு முப்பத்தொன்று ஆகியும் கல்யாணம் ஆகாததற்கு அந்த மாடிப்படிதான் காரணமாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று ராக்காயி மூன்று பாட்டுப் பாடினாள். மேடையில் அவள் பெயர் ரேணுகா. பேண்டு மாஸ்டர் ஜெயபாலன் அண்ணன் வைத்தது. "ராக்காயின்னு போட்டா காட்டேரின்னு நெனச்சு ஓடிருவாங்களோ அண்ணே?" என்று அவரை இன்னமும் சீண்டுகிறாள். சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சின்ன வயசில் அவள் பாடினால் சுவரைத் தட்டி அடுத்த பாட்டு கேட்பேன்.

9 அக்டோபர், சனி

கிளப் முதலாளி தவுக்கே ஒரு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். லைசென்ஸ் ஆபீசிலிருந்து, மலாயில். இரண்டு தரம் வாசித்தேன். பொதுமக்கள் புகார், ஒழுக்கக்கேடு, இரவில் சத்தம் — டிசம்பர் 31-க்குப் பிறகு புளூ லேம்புக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்பட மாட்டாது. ஆட்சேபணை இருந்தால் டிசம்பர் 7-ஆம் தேதி வந்து சொல்லலாம்.

"ஹாபிஸ் லா," என்றார் தவுக்கே. முடிந்தது என்கிறார். நாற்காலி மேசை விற்கும் கடை போடுவாராம். அவருக்கென்ன, கட்டடம் அவருடையது.

மற்றவர்களுக்கு? ஈப்போவில் வேறு கிளப் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கெல்லாம் வாசலில் நிற்கிறவன் முதலில் நம் காலைப் பார்ப்பான், அப்புறம் முகத்தைப் பார்ப்பான். தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஸ்டேஷன் கக்கூசில் சட்டை மாற்றிக்கொண்டு நேராக வருகிற இடம் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் பெண்கள் வருகிறார்கள். ஹாஸ்டலுக்கு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று ஆடும்போதே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தமிழ்ப் பாட்டுக்கு இவர்கள் வேறெங்கே போய் ஆடுவார்கள்?

ராக்காயியிடம் சொன்னேன். "மூடினா என்னடி செய்றது? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். சிரிக்காமல் கேட்டாள். அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

10 அக்டோபர், ஞாயிறு

மூடக்கூடாது என்று மனு போட, டீ டான்ஸுக்கு முன்னால் எதிர்த்த ரெஸ்டோரண்டில் கூடினோம். கடைக்காரர் ஜைனுலாப்தீன் பாய் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார், காசு வாங்கவில்லை. "நான் இருபது வருஷமா அந்தப் படியேறினதில்லை. ஆனா ஆட்டம் முடிஞ்சு இறங்குறவங்கதான் என் கடையில சாப்பிடுறாங்க. அங்கே விளக்கு அணைஞ்சா இங்கேயும் அணைஞ்சிரும். மனுவை என் கல்லாவுல வைங்க. வீட்ல சுபைதாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

மனுவில் என்ன எழுதுவது என்று சண்டை. கலை, இசை, தமிழர் பண்பாடு என்று ஜெயபாலன் அண்ணன் அடுக்கிக்கொண்டே போனார். நான் விடவில்லை. "கலைக்கு எவனும் சாப்பு முத்திரை குத்த மாட்டான் அண்ணே. வயித்துக்குத்தான் குத்துவான். இங்கே வேலை செய்றது யாரு யாரு, எத்தனை பேருன்னு லிஸ்ட் போட்டுக் காட்டுவோம்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் யோசனைதான் எடுபட்டது. பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

24 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி முடிந்து இரண்டு நாள். பலகாரம் தின்னும் வீடுகளுக்கெல்லாம் மனுவைத் தூக்கிக்கொண்டு போனேன். முறுக்கு நிறைய, கையெழுத்து ஒன்பது.

31 அக்டோபர், ஞாயிறு

பஸ் ஸ்டேஷனில் காலை எட்டிலிருந்து நின்றேன். ராக்காயி மை டப்பாவைப் பிடித்துக்கொண்டாள், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்க. லகாட் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பாட்டாளி வர்க்கமே வரிசையில் நின்றது. ஒருவர், "ரேணுகா கையால மை தடவினா ரெண்டு விரலும் வைப்பேன்" என்றார். "அப்ப கால் விரலும் வைங்கண்ணே, மை நிறைய இருக்கு" என்றாள் அவள். வரிசையே சிரித்தது.

பதினோரு மணிக்கு சதாசிவம் ஐயா வந்தார். தோட்டத்துப் பள்ளியில் எங்கள் இரண்டு பேருக்கும் வாத்தியார், இப்போது சீர்திருத்தச் சங்கத் தலைவர். கிளப்பை மூடச் சொல்லிப் புகார் எழுதியதே அவர் சங்கம்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தவில்லை. மனுவை வாங்கி முழுசாக வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைக்கூடக் காட்டினார்.

"மணி, உங்க அப்பா தோட்டத்துல கள்ளுக்கடையை மூடச் சொல்லி அடி வாங்கினவரு. அந்த மனுசன் பெத்த பிள்ளை, குடிக்கிற எடத்தைத் தெறக்கச் சொல்லி பஸ் ஸ்டேஷன்ல நிக்குதே."

எனக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் ராக்காயிதான் பதில் சொன்னாள். "கள்ளுக்கடையில எங்களை யாரும் பாடச் சொல்லலை ஐயா."

1 நவம்பர், திங்கள்

நேற்றெல்லாம் தூக்கம் இல்லை. கள்ளுக்கடை வேறு, கிளப் வேறு. வேறுதானா? சனிக்கிழமை போதையில் படியில் உருண்ட ஆளை நானே எத்தனை தரம் டாக்சியில் ஏற்றிவிட்டிருக்கிறேன். அவர்கள் பெண்டாட்டிமார் இந்த மனுவில் பெருவிரல் வைப்பார்களா?

அப்பா இருந்தால் வந்து ஒரு பாட்டு கேட்டிருப்பாரா, மாட்டாரா — தெரியவில்லை. அவர் கள்ளை எதிர்த்தார். பாட்டை எதிர்த்ததாக ஞாபகம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

14 நவம்பர், ஞாயிறு

அண்ணன் சின்னையா என்னிடம் பேசாமலே மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். லாரி டிரைவர்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது. அண்ணி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் இன்று எனக்குச் சோறு இருந்தது.

20 நவம்பர், சனி

பட்டியல் தயார். ஆபீசில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து அடித்தேன். பேண்டில் எட்டுப் பேர், பார், சமையல், கூட்டுவது, காவலுக்கு ஜாகா, டிக்கெட்டுக்கு நான். மொத்தம் இருபத்து மூன்று பேர். பெயர், தகப்பன் பெயர், அடையாளக் கார்டு (ஐசி) நம்பர், வேலை, எத்தனை பேருக்குச் சோறு போடுகிறார்கள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கோடு போட்ட மாதிரி வந்திருக்கிறது.

ராக்காயி ஐசியைக் கொடுக்கும்போது, "என்னோடது செவப்புடி, பரவாயில்லையா?" என்று கேட்டாள். ஜப்பான்காரன் காலத்தில் லயத்தில் பிறந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லை. எனக்கும் அதே லயம்தான், ஆனால் அப்பா எங்கோ நடந்து குடியுரிமை எழுதி வாங்கிவிட்டார், எனக்கு நீலம். அவளுக்கு யார் நடந்தார்கள்? "உனக்குப் பாடத் தெரியுமான்னுதான் பாப்பாங்க, கலரா பாப்பாங்க? கொடுலா" என்று பிடுங்கிக்கொண்டேன்.

7 டிசம்பர், செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தை லைசென்ஸ் ஆபீஸ் மேசைமேல் வைத்தோம். சதாசிவம் ஐயா அவர் பக்கத்தைப் பேசினார். ஜெயபாலன் அண்ணன் நம் பக்கத்தைப் பேசினார், தடுமாறினார். அதிகாரிக்கு இரண்டும் அலுப்பாக இருந்தது. பிறகு என் பட்டியலை எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு சுத்தமா யார் அடிச்சது?" என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பதினாலில் நின்றது.

"இது மேரா. வேலை பெர்மிட் எங்கே?"

ராக்காயி த/பெ சின்னச்சாமி. ஐசி நம்பர். அதன் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், மேரா — சிவப்பு. நான் அடித்தது. இருபத்து மூன்று பேருக்கும் அடித்திருக்கிறேன், நீலம் நீலம் நீலம் சிவப்பு நீலம் நீலம். வக்கீல் ஆபீசில் சத்தியக் கடுதாசி அடிக்கும்போது நம்பருக்குப் பின்னால் நிறம் போடாமல் விட்டால் பெரிய வக்கீல் தாளைக் கிழித்து எறிவார். பதினோரு வருஷப் பழக்கம். நம்பர் முடிந்தால் விரல் தானாக அடைப்புக்குறிக்குப் போகிறது. யாரும் கேட்கவில்லை. கடிதத்தில் நிறம் கேட்கவே இல்லை.

சிவப்பு ஐசிக்காரர் சம்பளத்துக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மனுப் பாரத்தையே மாதத்துக்குப் பத்து அடிக்கிறேன். தவுக்கே எடுத்திருப்பார் என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை. அழகாக அடிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். தவுக்கே மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு. பன்னிரண்டு மணிக்கு மூட வேண்டும். பட்டியலில் உள்ளவர் தவிர யாரும் மேடை ஏறக்கூடாது. சோதனைக்கு எந்த நேரமும் வருவார்கள். பதினாலாம் நம்பர், பெர்மிட் காட்டும்வரை கிடையாது. மீறினால் மறுநாளே பூட்டு.

வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஜைனுலாப்தீன் பாய் ஒரு தட்டு நிறைய லட்டு அனுப்பியிருந்தார். ராக்காயி ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். அவளுக்கு மலாய் அவ்வளவாகப் புரியாது. நான்தான் சொல்லணும். லட்டை வாயில வெச்சிக்கிட்டு எப்படிடீ சொல்றது?

சொன்னேன்.

8 டிசம்பர், புதன்

ஆபீசுக்கு லீவு.

12 டிசம்பர், ஞாயிறு

ராக்காயி வீட்டுக்கே வந்தாள். அண்ணி காப்பி வைத்தார், அவள் தொடவில்லை.

"நம்பர் கேட்டா நம்பரை மட்டும் போட வேண்டியதுதானே. கலர் யாருடி கேட்டா?"

பழக்கம் என்றேன்.

"உன் பழக்கத்துக்கு என் தொண்டையா கெடைச்சுது? ரேணுகான்னு போட்டிருந்தாகூட ஒருத்தனும் என்னைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். போஸ்டர்ல ரேணுகா, நோட்டீஸ்ல ரேணுகா, உன் லிஸ்ட்ல மட்டும் அப்பன் பேரோட ராக்காயி."

அழவில்லை அவள். நான்தான் அழுதேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள். திட்டினால் திட்டிவிட்டுப் போ, அடி, இப்படிப் பாதியில் எழுந்து போகாதே என்று படி வரைக்கும் ஓடினேன். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனான்.

31 டிசம்பர், வெள்ளி

புளூ லேம்பில் இன்று நிற்க இடமில்லை. "நாமதான் காப்பாத்தினோம்" என்று ஜெயபாலன் அண்ணன் மைக்கில் சொன்னார். என் பெயரையும் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். டிக்கெட் பெட்டியைப் பூட்டுவது போல் குனிந்துகொண்டேன்.

18 ஜனவரி 1977, செவ்வாய்

ராக்காயிக்குப் பாடகி வேலைக்கு என்று பெர்மிட் மனு போட்டிருந்தேன். செலவெல்லாம் என்னுடையது, வக்கீல் கையெழுத்து, மூன்று பிரதி. இல்லை என்று வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டதற்கு, பாடுவதற்கு இந்த நாட்டில் குடியுரிமை உள்ள ஆளே இல்லையா என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? இருக்கிறார்கள். ராக்காயி போலத்தான் இல்லை. அதை எந்தக் கட்டத்தில் டைப் அடிப்பது?

தைப்பிங்கிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், வீரம்மா. மேடையில் வினோதினி. நீல ஐசி, பட்டியலில் பதினாலாம் இடத்தில் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளை. முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டது. சரியாகப் பேசக்கூட இல்லை நான் அதனிடம்.

6 மார்ச், ஞாயிறு

மூன்று மாதத்துக்குப் பிறகு ராக்காயி. டீ டான்ஸ் நேரத்தில் இல்லை, காலையிலேயே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெர்மிட் பாரம்.

சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்திலேயே மருந்தடிக்கிற வேலை இருக்கிறதாம். தோட்ட வேலைக்கு என்றால் பெர்மிட் கொடுக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். பார்த்தேன். சதாசிவம் ஐயா. கூப்பிட்டுக் கொடுத்தாராம், ஒரு கேள்வி கேட்காமல். அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று இத்தனை நாள் ஒரு வழி இருந்தது. அதுவும் போயிற்று.

"நீயே அடிச்சுக் குடு. உன்னை மாதிரி சுத்தமா யாரு அடிக்கிறா?" என்றாள். குத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? முகத்தைப் பார்க்காமல் மிஷினை எடுத்தேன்.

பெயர். நம்பர். நிறம் — இந்தப் பாரத்தில் அதற்கென்றே கட்டம் இருந்தது. முன்பு செய்த தொழில் என்று ஒரு கட்டம். பாடகி என்று மலாயில் அடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூலின்னு போடு மணி."

"பன்னெண்டு வருஷம் பாடியிருக்கேடி."

"பாடினேன்னு போட்டா, பெர்மிட் இல்லாம எப்படிப் பாடினேன்னு கேப்பான். போடு லா."

போட்டேன். பிழையில்லாமல் வந்தது. காப்பி குடித்தாள். அண்ணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

27 மார்ச், ஞாயிறு

அவளுக்குப் பெர்மிட் வந்துவிட்டது. மூன்றே வாரத்தில்.

17 ஏப்ரல், ஞாயிறு

சோதனை. ஐந்து மணிக்கு இரண்டு பேர் சாதாரண உடுப்பில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். வினோதினி பயத்தில் ஐசியைக் கீழே போட்டுவிட்டது. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அடுத்த வாரமும் வரலாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

தவுக்கே இனிமேல் மேடைக்கு யார் ஏறுவது என்பதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். உனக்குத்தான் பட்டியல் மனப்பாடம் என்றார்.

1 மே, ஞாயிறு

தொழிலாளர் தினம். மூன்று மணிக்கே படி நிறைந்துவிட்டது. கூட்டத்தில் ஐந்து பெண்கள் சேலையில் ஏறி வந்தார்கள், தலை நிறையப் பூ. தோட்டத்துப் பெண்கள் டீ டான்ஸுக்கு வந்து நான் பார்த்ததில்லை. முன்னால் வந்தவள் நோட்டை நீட்டினாள்.

"அஞ்சு டிக்கெட்."

ராக்காயி. கறுத்துப் போயிருக்கிறாள். விரல் இடுக்கிலெல்லாம் தோல் உரிந்திருந்தது, மருந்து பட்டுத்தான். காசு வேண்டாம், உள்ளே போடி என்றேன். "அதெல்லாம் கூடாது. நான் இங்கே வேலை செய்ற ஆளா?" என்றாள். கூட வந்தவர்களுக்கு என்னைக் காட்டி, "எங்க லயத்துப் பிள்ளை. இவதான் இந்தக் கிளப்பைக் காப்பாத்துனது" என்றாள். கேலி இல்லை. மாரியம்மா என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். ஐந்து டிக்கெட் கிழித்தேன்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். ஆரஞ்சுத் தண்ணி வாங்கினார்கள். ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பெண்கள் ஆடுவதைப் பார்த்து வாயை மூடிச் சிரித்தார்கள்.

ஜெயபாலன் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு மைக்கில், "ரேணுகா வந்திருக்காங்க" என்றார். சுங்கை சிப்புட் பிள்ளைகள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு. வினோதினியே இறங்கி வந்து மைக்கை நீட்டியது. ராக்காயி எழுந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், மேடை ஏறுவதற்கு முன்னால் எப்போதும் செய்வதுபோல. இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள்.

பார்த்தாள், அவ்வளவுதான்.

யார் யார் புதுசாக ஏறி வந்திருக்கிறார்கள் என்று நான் கூட்டத்தைப் பார்த்தேன். பின்வரிசையில் தெரியாத முகம் இரண்டு இருந்தது. அவர்களா இல்லையா, தெரியவில்லை. இருபத்து மூன்று பேர் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என்ன நினைத்தேனோ. தலையை ஆட்டினேன். வேண்டாம்.

அவள் மைக்கை வினோதினியிடமே தள்ளிவிட்டாள். "தொண்டை கட்டியிருக்குலா, மருந்து வாசம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வினோதினி பாடியது. ராக்காயி முதல் ஆளாகக் கை தட்டினாள். கூட வந்த பெண்கள் நால்வரும் அவளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். ஆறு மணிக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

பின்வரிசையில் இருந்த இரண்டு பேரும் லகாட்டிலிருந்து வந்த அண்ணன் தம்பி. இன்று சோதனைக்கு யாரும் வரவில்லை.